கேள்வி மட்டும் கேட்கலாம்

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு வந்தால் இன்னமும் காலையிலிருந்தே எனக்கு வேலை ஓடாது. திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தையல் கடையின் மாடியில் அன்றைக்குத்தான் நாங்கள் கூடுவோம். அவரவர் ஊரில் கலைக்குழு நடத்துகிற ஐந்து பேர். நான் பெண்களை வைத்து வீதி நாடகம் போடுகிறவள். கனகம்மாசத்திரத்திலிருந்து பம்பைக் குழு நடத்தும் ஒருவர் வருவார். பள்ளிப்பட்டிலிருந்து ஒருத்தி வருவாள். நெசவுத் தெருப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுப்பவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். கூட்டத்தை நடத்தித் தர ஓர் அம்மா சென்னையிலிருந்து ரயிலில் வருவார்.

அந்த அம்மா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்லும்போது மற்றவர்கள் யோசனை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். அப்படியானால் என் வாயைத் தைத்துத்தான் விட வேண்டும் என்றேன். கீழேயே தையல் கடை இருப்பது வசதியாகப் போயிற்று என்றார் பம்பைக்காரர்.

கேலி செய்தேனே தவிர, அந்த மாடி எனக்கு வேண்டியிருந்தது. குழுவை நடத்துகிறவள் குழுவிடம் பயத்தைக் காட்ட முடியாது. வீட்டில் சொன்னால் விட்டுத் தொலை என்பார்கள். அங்கே மட்டும்தான், 'எனக்கு முடியவில்லை' என்று வாய்விட்டுச் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் அவளும் நானும் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிடுவோம். பள்ளிப்பட்டு பஸ் வரும். அடுத்ததில் போகிறேன் என்பாள். அடுத்ததும் போய்விடும். உண்மையைச் சொன்னால், அந்தப் பேச்சுக்காகத்தான் நான் மாதம் முழுக்கக் காத்திருந்தேன்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய கூட்டம் அது. தெருவில் காவடிச் சத்தம் தாங்காமல் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். அவள் முறை வந்தது. ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா என்று தெரியவில்லை, ஆனால் ரொம்பக் களைத்துவிட்டேன் என்றாள். என்னை விட்டுவிட்டுப் போகாதே என்று நான் சொல்ல வேண்டும். அதை எப்படிக் கேள்வியாக்குவது?

"நீ போயிட்டா அந்தப் பசங்க கதி என்னம்மா?" என்று கேட்டேன்.

சட்டப்படி அது கேள்விதான். நடத்துகிற அம்மாகூடத் தடுக்கவில்லை. அவள் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க தெருவுல எல்லாரும் இதத்தான் கேட்டுகினு இருக்காங்கக்கா. இங்கயுமா?"

அன்றைக்கு அவள் முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டாள். அடுத்த மாதம் வரவில்லை. ஓசூர் போய்விட்டாள் என்று பம்பைக்காரர் சொல்லித்தான் தெரியும். ஒரு வார்த்தை சொல்லாமல் போனாளே என்று எனக்கும் கோபம். போன் செய்யவில்லை. சில மாதங்களில் சென்னை அம்மா வருவதும் நின்று, கூட்டமே கலைந்தது. இப்போது அந்த மாடியில் தையல் மெஷின்கள் ஓடுகின்றன. பள்ளிப்பட்டு பஸ் கிளம்பும்போதெல்லாம் நான் ஜன்னலோர முகங்களைப் பார்க்கிறேன். ஓசூரில் இருப்பவள் அதில் எப்படி இருப்பாள்? தெரிந்தேதான் பார்க்கிறேன்.

போன மாதம் அவளுடைய தெருவிலேயே எங்கள் நாடகம். அவள் பழக்கிய பிள்ளைகள் வளர்ந்துபோய் முன்வரிசையில் உட்கார்ந்து, நாங்கள் வசனத்தைத் தவறவிட்ட இடத்தைக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். பிள்ளைகள் நன்றாகத்தான் இருந்தார்கள். எனக்குத்தான் தாங்கவில்லை. மறுநாள் அவளை போனில் கூப்பிட்டேன். நாடகம் எப்படிப் போகிறது என்று மரியாதையாக விசாரித்தாள்.

"அன்னைக்கு பசங்களச் சாக்கு வெச்சிக் கேட்டேம்மா," என்றேன். "நீ போயிட்டா எனக்கு யார் இருக்காங்கன்னுதான் கேக்க வந்தேன்."



"அதக் கேட்டிருந்தாலும் போய்த்தான் இருப்பேன்க்கா," என்றாள். "ஆனா உங்ககிட்ட சொல்லிட்டுப் போயிருப்பேன்."