கும்மியும் ஃபிட்ஸும்

பக்கத்து ஊரில், முருகன் வள்ளியை மணந்த கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மி அரங்கேற்றத்தைப் பார்த்த அன்றுதான் எனக்கும் ஆட வேண்டும் என்ற ஆசை வந்தது. கோயில் மைதானம் முழுக்கப் பெண்கள், எல்லோரும் ஒரே நிறச் சேலையில், வட்டம் வட்டமாகக் குனிந்து நிமிர்ந்து கைதட்டினார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கால் தானாகத் தாளம் போட்டது. காரமடைக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலும் பயிற்சி தொடங்குகிறார்கள் என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தேன். கையோடு ஆசிரியரிடம் விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.

"எனக்கு ஃபிட்ஸ் இருக்குதுங்க. மாத்திரை சாப்பிடறேன். இருந்தும் எப்பவாச்சும் வந்துருமுங்க."

ஆசிரியர் நல்ல மனிதர். குரலும் கெட்டிக்குரல், மைக் இல்லாமலே மேட்டுப்பாளையம் வரை கேட்கும். "அதுக்கென்னங்க அம்மணி, முருகன் பாத்துக்குவாரு" என்றார்.

முருகன் பார்த்துக்கொண்டார். மனிதர்கள்தான் திண்டாடிப் போனார்கள். பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே எனக்கு வலிப்பு வந்துவிட்டது. நினைவு திரும்பியபோது ஒரு கையில் யாருடைய வீட்டுச் சாவிக்கொத்தோ இருந்தது. இன்னொரு கையில் மோட்டார் ரூம் ஸ்பேனர், பக்கத்தில் ஓர் அரிவாள். கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நின்றுவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. இது போதாதென்று தலையில் தண்ணீரைக் கொட்டி, வாயில் ஸ்பூனை நுழைக்கப் பார்த்து, உதட்டையும் கிழித்திருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "இங்க என்ன ஆயுத பூஜையா நடக்குது?" என்று கேட்டேன். நாக்குக் குழறியதில் அது யாருக்கும் புரியவில்லை. ஒரு நல்ல கிண்டல் வீணாய்ப் போனது.

மறுநாள் ஆசிரியர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நீங்க முன்னால சேர் போட்டு உக்காந்து கைதட்டுங்க. அரங்கேற்றத்தன்னிக்கு உழுந்துபோட்டீங்கன்னா ஆட்டமே நின்னுபோயிருமுங்க."

எனக்கு இது பழகிப்போன கதை. விழுந்த இடத்திலெல்லாம் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். கல்லூரியில் எல்லோரும் ஊட்டிக்குப் போனபோது நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வேலைக்குப் போன கம்பெனியில் மெஷினை விட்டு எழுப்பி, டப்பாவுக்கு லேபிள் ஒட்ட உட்கார வைத்தார்கள். எல்லாம் என் மேல் உள்ள அக்கறைதான், யாரையும் குறை சொல்ல வழியில்லை. ஆனால் அந்த அக்கறையிலேயே பாதி ஆயுள் போய்விட்டது. இந்த ஒன்றையாவது நின்று ஆடிவிட வேண்டும் என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது.

கோயமுத்தூரில் எங்களைப் போன்றவர்கள் மாதம் ஒருமுறை கூடுவோம். வலிப்பு உள்ளவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் கட்டிக்கொண்டவர்களும் வருவார்கள். மருத்துவர் வந்து பேசுவார். அவர் கிளம்பி, டீயும் பன்னும் வந்த பிறகுதான் எங்கள் கூட்டம் களைகட்டும். அங்கே என் புலம்பலைக் கேட்ட ஒரு மதுக்கரை அம்மா, "அவிங்க உங்களுக்குக் கும்மி சொல்லிக் குடுக்கறாங்கல்லங்க? நீங்க அவிங்களுக்கு இதைச் சொல்லிக் குடுங்க" என்றார். எனக்கு ஏன் இது முன்பே தோன்றவில்லை என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

அடுத்த பயிற்சியன்று ஆசிரியரிடம் கொஞ்சம் நேரம் கேட்டு வாங்கி, மைதானத்தின் நடுவில் பாய் விரித்து நானே படுத்துக்கொண்டேன். படுத்தபடியே பாடம் நடத்தினேன். இரும்பு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், வாயில் எதையும் வைக்காதீர்கள், கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். தலைக்கு அடியில் துணியை வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கூட்டத்தை விலக்குங்கள், மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

"அப்ப அருவாளுங்க?" என்று பின்னாலிருந்து ஒருவர் ஏக்கத்தோடு கேட்டார்.

"அது ஊட்டுலயே இருக்கட்டுங்க."

அதற்குப் பிறகு ஒரே சிரிப்பு. ஆளுக்கொரு தடவை என்னைப் பரோட்டா மாவு மாதிரி உருட்டிப் பழகினார்கள். வட்டத்தில் எனக்கு ஜோடியாக நின்றவர் பால் சொசைட்டியில் பால் ஊற்றும் ஓர் அக்கா. அவர் தலைமைப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டு எல்லோரையும் அதட்டினார். ஆசிரியர் மட்டும் கூச்சப்பட்டு, என்னைக் கூட்டிப் போக வந்திருந்த என் கணவரைப் படுக்கச் சொல்லி உருட்டிப் பார்த்தார். கணவரின் கனத்த உடம்புக்கு அது லேசான வேலையில்லை. ஆசிரியர் மூச்சு வாங்க எழுந்து, "சரிங்க அம்மணி, நீங்க ஆடுங்க" என்றார்.

அரங்கேற்றத்தன்று ஊரே திரண்டிருந்தது. பாதி ஆட்டத்தில் என் வலது கை விறைத்ததுதான் எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. அக்கா என்னைத் தாங்கிப் பிடித்து ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறார். எங்கள் வட்டத்துப் பெண்கள் என்னைச் சுற்றி மறைத்தபடியே ஆடியிருக்கிறார்கள். ஆசிரியர் பாட்டை நிறுத்தாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாடியிருக்கிறார். இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டதாம். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றுமே தெரியாது.

பந்தலுக்குப் பின்னால் நல்ல தூக்கம் தூங்கி விழித்தேன். பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை பாடுபட்டும் இன்றைக்குப் பார்த்தா வர வேண்டும்!

"ஊட்டுக்குப் போலாமா கண்ணு?" என்றார் கணவர்.

"கடைசிப் பாட்டைப் பாத்துப்போட்டுப் போலாமுங்க" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மைதானத்து ஓரத்துக்கு வந்தேன்.

கும்மியில் களைத்துப்போய் யாராவது வெளியேறினால் மற்றவர்கள் நெருங்கி நின்று வட்டத்தை மூடிவிடுவார்கள். எங்கள் வட்டம் மூடியிருக்கவில்லை. ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியோடுதான் அத்தனை பேரும் சுற்றி வந்தார்கள். ஜோடியாகத் தட்ட வேண்டிய அடி வந்தபோது, அக்கா அந்த வெற்றிடத்தின் பக்கம் திரும்பி, நான் அங்கே நிற்பது போலவே கையை நீட்டித் தட்டினார். விழுந்த பிறகு என் இடத்தை எனக்கென்று யாரும் வைத்திருந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த சுற்றில் அக்கா என்னைப் பார்த்துவிட்டார். "ஏனுங்க, ரண்டு காலும் நிக்குதுங்களா? நின்னா வாங்க, எத்தன நேரந்தான் காத்தோட கைதட்டறது?" என்று கத்தினார்.

நின்றது. கணவரின் தோளை விட்டுவிட்டு உள்ளே போனேன்.