கட்டுச்சோற்று ஜீப்பின் அடிப்பக்கம்

நல்ல சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, சுத்தியலால் தட்டினால் ‘டங்’ என்று சத்தம் வரும். அந்த ஜீப்பில் ‘தொப்’ என்று வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் சிங்காநல்லூரில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் டிங்கராக இருந்தேன். தகர வேலையும், வண்டிக்கு அடியில் துரு பிடிக்காமல் அண்டர்கோட்டிங் அடிப்பதும் என் பொறுப்பு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் ஒரு பயந்தாங்கொள்ளி. முறுக்கின நட்டையே திரும்பத் திரும்ப முறுக்கிப் பார்க்கிற ஆள். கூட இருந்தவர்கள் எனக்குப் ‘பதறல்’ என்று பேரே வைத்துவிட்டார்கள். கோபம் வரும். ஆனால் பொய் என்றும் சொல்ல முடியாது.

ஜீப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த பழனிச்சாமி அண்ணனுடையது. பழைய டீசல் வண்டி. தேங்காய், உர மூட்டை, தென்னைக்கு வைக்கிற கல்லுப்பு மூட்டை எல்லாம் அதில்தான் போகும். அன்று காலையில் அவரே ஓட்டிக்கொண்டு வந்தார்.

“நாளைக்கு வால்பாறைக்குக் கெளம்போணுமுங்க. புள்ளைக்குக் கட்டுச்சோறு. சம்பந்தி ஊட்டு வாசல்ல நிக்கறப்ப அடியில துரு தெரிஞ்சா நல்லாருக்குமுங்களா? கருகருன்னு ஒரு கோட்டு அடிச்சுக் குடுத்துப்போடுங்க.”

தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துவர, விதவிதமாகச் சோறு கட்டி எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதைத்தான் எங்கள் பக்கம் கட்டுச்சோறு என்போம். மாப்பிள்ளைக்கு மலைமேல் எஸ்டேட்டில் வேலை. ஜீப் போகும்போது சோற்றுப் பாத்திரம் ஏறும். திரும்பும்போது வயிறும் பிள்ளையுமாக மகள் ஏறுவாள். ஆழியாறு தாண்டினால் வளைவுக்கு மேல் வளைவு.

பிட்டுக்குள்

வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யத் தோண்டிய குழியான பிட்டில் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கத் தார், வருஷக்கணக்கில் பூசிப் பூசித் தோசைக்கல் கனத்துக்கு இருந்தது. எங்கேயும் துரு தெரியவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. சேஸிஸின் அடியில் உள்ளே போன தண்ணீர் வடிவதற்கு ஓட்டைகள் இருக்கும். தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை.

“ஏனுங்ணா, இதுல ஓட்டையெல்லாம் எங்கீங்?”

அவருக்கு ஒரே பெருமை. “நாந்தான் அடைச்சேனுங்க. ஆடி மாசம் வந்தாப் போதும், தேங்கா நாரைத் தார்ல முக்கி ஒண்ணு உடாம அடைச்சுப்போடுவேன். இல்லீன்னா உப்பு உள்ள போயிருமில்லீங்க?”

ஐயோ என்றிருந்தது. உப்பு கீழேயிருந்தா போகும்? மூட்டையில் கசிந்த உப்பு, வண்டியைக் கழுவுகிற தண்ணீரோடு மேல் இடுக்கு வழியாக இறங்கும். கீழே வழியை அடைத்தால் அங்கேயே தங்கிவிடும். பின் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இடத்தில் தட்டியபோதுதான் அந்தத் ‘தொப்’.

“அண்ணா, உள்ள இத்துப்போயிருக்கும்போல இருக்குதுங். தாரைச் சொரண்டிக் குத்திப் பாத்துப்போடலாமுங்.”

அவர் முகம் சிவந்துவிட்டது. “என்ற ஜீப்பைப் பெத்த புள்ளையாட்டப் பாத்துக்கறனுங்க. இத்துப்போச்சுங்கறீங்க?”

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஏப்பா பதறல், நல்ல காரியத்துக்குப் போற வண்டிய ஓட்டை போடறேங்கறயே, உனக்கே நல்லாருக்குதா? கோட்டு அடின்னா அடி.”

“நான் அடிக்க மாட்டேனுங்” என்று ஸ்பிரே கன்னைக் கீழே வைத்துவிட்டேன். முதலாளி பெயிண்டரைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னார். சாயங்காலம் ஜீப் பளபளவென்று கிளம்பிப் போனது.

வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்பிரிங் பிய்த்துக்கொள்வதும் வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்வதுமாகவே கண்ணுக்குள் ஓடியது. அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. என் வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை.

“இப்படிப் பேயடிச்சாப்பல உக்காந்திருக்கறதுக்கு, காலையில நேராப் போய்ச் சொல்லிப்போட்டுத்தான் வாங்களேன்!”

முதல் பஸ்ஸுக்கே பொள்ளாச்சிக்கு ஏறிவிட்டேன்.

ஜாக்கி

நான் தோப்பு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜீப்புக்கு மாலை போட்டாயிற்று. பின்னால் பாத்திரங்கள் ஏறியிருந்தன. உறவுக்காரர்கள் ஏறத் தயாராக நின்றார்கள். என்னைப் பார்த்ததும் அண்ணன், “கோட்டு நல்லாருக்குதுங்களே, எதுக்கு இவ்வளவு தூரம்?” என்றார். நிஜத்தைச் சொன்னால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். வாயில் வந்த பொய்யைச் சொன்னேன்.

“பின் டயர்ல ஆணி இருந்தாப்பல ஞாபகமுங். ஏத்திப் பாத்துப்போட்டா மனசு ஆறுமுங்.”

“வெசயாப் பாருங்க, நல்ல நேரம் போகுது.”

பாத்திரங்களை இறக்கச் சொல்லவில்லை; பாரம் இருந்தால்தான் உண்மை தெரியும். ஜாக்கியைச் சேஸிஸுக்கு அடியில் நான் சந்தேகப்பட்ட இடத்திலேயே வைத்து, நான் தள்ளி நின்று சுற்றினேன். நான் நினைத்தது தப்பாக இருக்கட்டும் சாமி என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

ஜாக்கி ஏறியது. ஜீப் ஏறவில்லை. புதுக் கறுப்பு உப்பி, வெடித்து, ஜாக்கியின் தலை சேஸிஸுக்குள் போய்விட்டது. உள்ளேயிருந்து செம்பட்டைத் தண்ணீர் கொட்டியது. கூடவே அப்பளத் தூள் மாதிரி துருச் சில்லுகள்.

அண்ணன் குனிந்து அந்தத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“உப்புங்க” என்றார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். “நாந்தானுங்க அடைச்சேன். என்ற கையால…”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டவரிடம் என்ன சொல்வது? “எந்திரீங்ணா, நேரமாச்சு. வேற வண்டி புடிக்கலாமுங்” என்று மட்டும் சொன்னேன். டவுனிலிருந்து டாக்ஸி வந்தது. பாத்திரங்களை மாற்றினோம்.

வேலைக்குத் திரும்பிப் போகத் தோன்றவில்லை. அவர்கள் வரும்வரை தோப்பிலேயே இருந்தேன். இந்தத் தொழிலில் நான் கற்றது ஒன்றே ஒன்றுதான். எதையும் பூசுவதற்கு முன்னால், உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி இருக்கிறதா என்று பாருங்கள். வழி இல்லாவிட்டால் பூசாதீர்கள். யார் திட்டினாலும் பூசாதீர்கள்.

சாயங்காலம் டாக்ஸி வந்து நின்றது. அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு காலைக் கீழே வைத்தாள். கை நிறைய வளையல். வாசலில் ஒரு பக்கம் சாய்ந்து நின்ற ஜீப்பைப் பார்த்தாள்.

“ஜீப்புக்கு என்னாச்சுங்ப்பா?”

“அதுக்கு ஒடம்பு செரியில்ல கண்ணு” என்றார் அண்ணன். “நீ பாத்து எறங்கு.”