அம்மன் காட்டுக் கிழங்கு

பக்கத்து வீட்டுப் பிள்ளை உயிரோடு இருப்பதைப் பார்த்து உங்கள் வயிறு எரிந்ததுண்டா?

மலைமேல் வளப்பூர் நாட்டு ராக்கம்மாளுக்கு எரிந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் அவள் மகன் மாதன் பசியால் செத்தான். அடுத்த வீட்டுச் சென்னம்மாளின் மகன் பிழைத்துக்கொண்டான். அவன் வளர வளர, மாதன் இருந்தால் இந்த உயரம் இருப்பானே என்று அளந்து அளந்து புழுங்கினாள். மாதனைப் பதில் உயிராக அம்மனுக்குக் காட்டிக்கொடுத்துத்தான் சென்னம்மாள் தன் மகனை மீட்டாள் என்று ஊர் சொன்னது. ராக்கம்மாள் அதை நம்பினாள். அந்த வீட்டில் அடுப்புக்கு நெருப்புக்கூட வாங்கமாட்டாள்.

பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் மழை பொய்த்தது. சாமை கருகியது. ராக்கம்மாளின் சின்ன மகள் பசியில் சுருண்டு கிடந்தாள். சென்னம்மாள் கூடையோடு கிளம்புவதைக் கண்டதும், இப்போது தன் மகளையும் அம்மனுக்குக் காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்று எண்ணி, கையும் களவுமாகப் பிடிக்கப் பின்னாலேயே போனாள். யாரும் மண்ணைத் தொடக் கூடாத அம்மன் காட்டில் சென்னம்மாள் ஒரு கழியால் வள்ளிக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க அக்கா, சாமி காட்டுலயா கை வெக்கறீங்க?”

“அன்னிக்கும் இதத்தான் தோண்டி எம்பையனுக்குப் போட்டேன் கண்ணு. உன்னையுங் கூப்புட்டிருப்பேன். ஊர்க்கவுண்டர்கிட்டச் சொல்லிப்புடுவியோன்னு பயம்.”

சொல்லித்தான் இருப்பாள். அது ராக்கம்மாளுக்கே தெரியும். அப்படியானால் மாதனைக் கொன்றது யார்? கிழங்கை மண்ணுக்குள் பூட்டிவைத்த ஊர்க்கட்டுப்பாடு அல்லவா?

“உங்க பையன் தின்னான், எம்பையன் தின்னலியே!” என்று பொருமிக்கொண்டே கழியைப் பிடுங்கித் தன் மகளுக்காகத் தோண்டினாள். வயிற்றெரிச்சல் அப்படியேதான் இருந்தது.

உங்கள் ஊரிலும் சாமி பெயரால் பூட்டிய காடோ குளமோ இருக்கும். அடுத்த பஞ்சம் வரும்வரை காத்திராமல் இப்போதே திறந்துவிடுங்கள்.