வசனம் எழுதாத நாலு நிமிடம்

மலையாளப் படங்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவது என் பிழைப்பு. ஸ்ரீவராகத்தில் பிறந்து, வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமுமாக வளர்ந்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். இந்த வேலையில் எஜமானர் உதடுதான். திரையில் நடிகை வாயை மூடும் இடத்தில் என் சொல்லும் மூட வேண்டும். ஆனால் அவள் முதுகைக் காட்டி நின்றால் எனக்கு விடுதலை. வாய் தெரியாத இடத்தில் எதை வேண்டுமானாலும் பேச வைக்கலாம். படத்தை வாங்குகிறவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். டி.வி.யில் பத்து வினாடி பேச்சு இல்லாவிட்டால் ஜனங்கள் சேனலை மாற்றிவிடுவார்கள் என்பது அவர்களுடைய வேதவாக்கு.

பேய்ப் படங்களில் ஆட்கள் முதுகைக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். இருட்டில் நடப்பார்கள், கதவைத் திறப்பார்கள், மாடிப்படியில் போய் நிற்பார்கள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரிதான் எனக்கு. ‘யாரது?’, ‘இங்க யாரோ இருக்காங்க’, ‘எனக்கு ஏன் இப்படி வேர்க்குது?’ என்று பதினோரு வருஷம் அந்த முதுகுகளுக்குள் வசனத்தைத் திணித்தேன். வேகமாக எழுதுகிறவள் என்று பெயர் வேறு எடுத்தேன்.

ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவிலுக்குப் போன இடத்தில்தான் மூக்கு அறுபட்டது. நான் எழுதிய படம் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானக் காட்சிக்குப் பெருமையாகப் போய் உட்கார்ந்தேன். கதாநாயகி கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறாள். மூலப் படத்தில் அவள் பேசவே இல்லை. என் புண்ணியத்தில் தமிழில், “தண்ணிக்குள்ள ஏதோ தெரியுதே” என்றாள். எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர், “தவக்களையா இருக்கும் பிள்ளே” என்றார். கொட்டகை முழுக்கச் சிரித்தது. கிணற்றிலிருந்து கை வெளியே வந்தபோதும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

திரும்பி வந்ததும் ஒற்றைக்காலில் நின்றேன். ஒரு பேய்ப் படம் எதனால் பயமுறுத்துகிறது என்று தெரியாமல் இனி ஒரு வரி எழுதுவதில்லை. எங்கள் ஸ்டுடியோவின் ஒலிப்பதிவாளர் கூட்டுச் சேர்ந்தார். என்னைவிட இளையவர், மலையாளி, பேய்ப் படப் பைத்தியம். மத்தியான இடைவேளைகளில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய கறுப்பு வெள்ளைப் படங்களையும் போன மாதம் வந்த படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். எங்களுக்குள் ஒத்துப் போனதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம்.

பழைய படத்தில் பேயைக் காட்ட வசதி இல்லை, அதனால் ஒளித்தார்கள் என்பது அவர் கட்சி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. பழையவர்கள் முதலில் ஒரு வீட்டைக் காட்டினார்கள். அங்கே சாப்பிட்டார்கள், சண்டை போட்டார்கள், பாட்டு ஒன்று பாடினார்கள். எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று நமக்குப் பழகிய பிறகுதான் அந்தக் கதவு தானாகத் திறந்தது. இப்போதைய படங்களில் பாதி, வீடு பழகுமுன்பே நம் காதில் குண்டு போடுகின்றன. குக்கர் விசில் அடித்தாலும்தான் தூக்கிப் போடுகிறது. அதற்காகக் குக்கரைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. மறுநாள் குளிக்கும்போது, சோப்புப் போட்ட முகத்தோடு கண்ணை மூடத் தயங்க வைக்கிறதே, அதுதான் பயம். இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். பிறகு தனக்கும் அப்படி உண்டு என்று ஒப்புக்கொண்டார்.

ஆனாலும் புதியவர்களில் நல்லவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதை அவர்தான் எனக்குக் காட்டினார். அவர்களுக்கு இருட்டும் புகையும் தேவைப்படவில்லை. பட்டப்பகலில், டியூப்லைட் எரியும் அடுக்களையில் பயம் காட்டுகிறார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம்மவர்கள் சொல்லி வைத்ததில் எல்லாம் அடங்கியிருக்கிறது. முதலில் ஆள் அரள வேண்டும். இருட்டு அவசியமே இல்லை.

“சேச்சி, பயம் உள்ள வாறது காது வழியாக்கும்,” என்பார் அவர். காது வழியாக வருவது அதிர்ச்சி, கண் வழியாக வருவதுதான் பயம் என்று நான் விடாமல் வாதாடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் இந்தப் படம் வந்தது. வாங்கியவர் சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. மலையாளப் படங்களின் தமிழ் உரிமையை வாங்கி விற்பது அவருக்கு இரண்டாம் தொழில். என் வேலையில் முக்கால்வாசி அவர் கொடுப்பது. அவர் கைவிட்டால் நான் வேறு வேலைதான் தேட வேண்டும்.

கதை வித்துராவுக்கு மேலே, மலையில் ஓர் எஸ்டேட் வீட்டில் நடக்கிறது. கணவனும் குழந்தையும் வெளியே போயிருக்கிறார்கள். மழை வருகிறது. மனைவி கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்து, தரையில் உட்கார்ந்து மடிக்கிறாள். கேமரா அவளுக்குப் பின்னால். நாலு நிமிடத்துக்கு மழைச் சத்தம் மட்டும்தான். எனக்குக் கை ஊறியது. பட்ட அவமானமும் செய்த சபதமும் எங்கே போயினவோ, ‘இந்த மழை விடவே விடாதா?’, ‘அவர் இன்னும் வரலையே’ என்று ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டேன். பழக்கம் அப்படி.

எழுதியதைப் படத்தோடு வைத்துச் சரிபார்க்க வேண்டிய அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. வாய்விட்டுப் படிக்க முடியவில்லை. காட்சியைச் சும்மா பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. கணவனின் சட்டைகள், குழந்தையின் கவுன், அவளுடைய நைட்டி, இவற்றுக்கு நடுவில் ஒரு சட்டை அந்த வீட்டுடையது இல்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை. அதையும் நீவி மடித்து, அலமாரியில் கணவன் துணிகளோடு வைக்கிறாள். எழுதும்போது அந்தக் காட்சியை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். என் வசனமே அந்தச் சட்டையை என் கண்ணிலிருந்து மறைத்திருக்கிறது. எனக்கு முதுகு சில்லிட்டது. கூடவே என் மேலேயே கோபம் வந்தது. ஒன்றரைப் பக்கத்தையும் அடித்தேன்.

அண்ணாச்சி ஸ்கிரிப்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு நேரில் ஸ்டுடியோவுக்கே வந்தார்.

“மாமி, இதென்ன வெறும் பேப்பரு? நாலு நிமிஷம் வாயத் தெறக்காம இருக்கதுக்கு அவ என்ன ஊமையா?”

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு ஏறவில்லை. டி.வி.க்காரர்கள் கேட்பார்கள், ஜனங்களுக்குப் புரியாது, இதுவரை இல்லாத வழக்கம் இப்போது எதற்கு என்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை. கடையில் துணி கிழிக்கிற மாதிரி நேராகச் சொன்னார். எனக்கு உள்ளூர உதறல்தான். ஆனால் கொட்டகையின் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது, இன்னொரு முறை அதைக் கேட்க நான் தயாராக இல்லை.

“அண்ணாச்சி, போனைக் கீழ வச்சுட்டு ஒரே ஒரு தடவை பாருங்கோ,” என்றேன். “பாத்தப்பறமும் வசனம் வேணும்னா வேற ஆளை வச்சு எழுதிக்கோங்கோ. நான் எழுத மாட்டேன்.”

ஒலிப்பதிவாளர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நானே என்னைப் பார்க்க முடிந்திருந்தால் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன். அண்ணாச்சி இரண்டு போனையும் மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். விளக்கை அணைத்தோம்.

மழை பெய்தது. அவள் மடித்தாள். அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்திருந்தார். முதல் நிமிடத்தில் ஒரு கொட்டாவி விட்டார். நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்றுவிட்டேன் என்று முடிவு செய்துகொண்டு, மறுநாள் யாரிடம் வேலை கேட்பது என்று யோசிக்கக்கூடத் தொடங்கிவிட்டேன். அந்தச் சட்டை அவள் கைக்கு வந்தது. முப்பது வருஷமாகத் துணியைத் தொட்டுப் பிழைத்தவர் மெல்ல முன்னால் நகர்ந்தார்.

“இது அவ மாப்பிள்ளைக்க சட்ட இல்லையே,” என்றார், யாரிடமும் இல்லாமல். “அவன் சைஸ் முப்பத்தெட்டு. இது நாப்பத்திரண்டு.”

அவள் காலரை நீவினாள். ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள். கைகளை உள்ளே மடக்கினாள்.

“மக்ளே,” என்றார் அண்ணாச்சி திரையைப் பார்த்து. “அத அங்க வைக்காத.”

அவள் வைத்தாள். அலமாரியைச் சாத்தினாள். ஒலிப்பதிவாளர் விளக்கைப் போட்டார். அண்ணாச்சி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டு போனையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். கதவு வரை போனவர் நின்றார்.

“அது யாருக்க சட்ட, மாமி?”

“கடைசி வரைக்கும் படத்துல சொல்லலை, அண்ணாச்சி.”

அவர் கதவைத் திறந்தார்.

“அப்பம் நீங்களும் சொல்லாண்டாம்,” என்றார்.