கடைமடைக்கு முதல் அழைப்பு

எனக்குச் சோறு போடுவது பைதான் என்னும் கணினி மொழி. கோயமுத்தூர் கம்பெனி ஒன்றுக்காகக் கொல்லங்கோட்டு வீட்டில் உட்கார்ந்தபடியே நிரல் எழுதுகிறேன். அந்த மொழிக்கு வருஷந்தோறும் புதுப் பதிப்பு வரும். வந்ததும், என்னென்ன மாறியிருக்கிறது என்ற அறிவிப்பை வரி விடாமல் படிப்பேன். கல்யாணப் பத்திரிகையில் தங்கள் பேர் எங்கே வருகிறதென்று சொந்தக்காரர்கள் தேடுவார்களே, அந்த மாதிரி.

அந்த வருஷப் பதிப்பு நன்றாகவே இருந்தது. நிரல்கள் முன்பைவிட வேகமாக ஓடின. பிழை நேர்ந்தால், இந்த வரியில் ஏதோ தப்பு என்று மொட்டையாகச் சொல்லாமல், வரிக்குள் எந்த இடம் என்று அடிக்கோடிட்டுக் காட்டியது. ஆனால் எனக்கு ஆசையைக் கிளப்பியது வேறொன்று. பல வேலைகளை ஒரே கட்டாகக் கட்டி ஒன்றாக அவிழ்த்துவிடலாம். ஒன்று முடியட்டும் என்று இன்னொன்று காத்து நிற்க வேண்டியதில்லை. முன்பும் செய்ய முடிந்ததுதான், சிக்கல் அதிகம். இப்போது நாலு வரியில் முடிந்தது. புதுச் சட்டை எடுத்தவனுக்கு அதைப் போட்டுக்கொண்டு போக ஓர் இடம் வேண்டுமில்லையா? எனக்குப் பாடசேகர சமிதி இருந்தது.

சமிதி என்பது எங்கள் கிளை வாய்க்காலில் பாயும் நெல்வயல்காரர்களின் சங்கம். மேலே அணையில் ஒவ்வொரு முறை தண்ணீர் திறந்ததும் உறுப்பினர்களைப் போனில் அழைத்துச் சொல்வதற்கு, காசு வாங்காமல் ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். பேசுவது என் குரல்தான். "வாய்க்கால்ல தண்ணி வந்தாச்சுங்க, உங்க மடையைத் தொறந்துக்கலாமுங்க" என்று பதிவு செய்து வைத்திருந்தேன். அழைப்பு வரும்வரை யாரும் மடையைத் தொடக்கூடாது என்பது சமிதியின் கட்டுப்பாடு. நிரல் ஒருவரை அழைத்து, அவர் எடுத்து, முழுக்கக் கேட்டு வைத்த பிறகுதான் அடுத்தவரிடம் போகும். எடுக்காதவரை எடுக்கும்வரை திரும்பத் திரும்ப அழைக்கும். கடைசி ஆளுக்குச் சேதி போவதற்குள் அரை நாள் ஓடிவிடும், ஒரு டீ குடித்து ஒரு சண்டையும் போட்டுவிடலாம்.

அந்தக் கடைசி ஆள் சமிதித் தலைவர். அவர் வயல் வாய்க்காலின் தலைப்பிலேயே இருந்தது. தண்ணீர் தன் வரப்பை உரசிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது, போன் மட்டும் வருவதில்லை என்று முறைக்கு முறை குறைப்பட்டுக்கொள்வார். என் நிரலை ஆமை என்று சொன்னதாக எனக்கு எரிச்சல். புதுப் பதிப்பைப் போட்டு, எல்லா அழைப்பும் ஒரே நேரத்தில் போகும்படி மாற்றினேன். அடுத்த முறைக்கு எல்லார் போனும் ஒன்றாக அடித்தது. தலைவர் டீக்கடையில் வைத்து என்னைப் புகழ்ந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

எங்கள் வயல் வாய்க்காலின் கடைசி மடை. அண்ணன் மூணாறில் ஜீப் ஓட்டுகிறான். விவசாயம் முழுக்க அண்ணி. என் பங்கு சாப்பிடுவதோடு சரி. போன்கள் ஒன்றாக அடித்த அன்று பயிர் கதிர் தள்ளும் பருவத்தில் இருந்தது. அப்போது தண்ணீர் தவறினால் கதிர் வரும், உள்ளே அரிசி இருக்காது. சாயங்காலம் அண்ணி திரும்பி வந்தபோது மண்வெட்டியில் ஈரமே இல்லை. தண்ணீர் வரவில்லை என்றார்.

எங்காவது வாய்க்கால் உடைந்திருக்கும் என்றேன். நிரலையும் திறந்து பார்த்தேன். எல்லா அழைப்பும் போயிருந்தது, எல்லாரும் எடுத்திருந்தார்கள். அடிக்கோடிட்டுக் காட்ட அதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

முதலில் யாருக்குச் சொன்னீர்கள் என்று அண்ணி கேட்டார். எல்லாருக்கும் ஒன்றாக என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அண்ணி மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். போன் இல்லாத காலத்தில், சேதி சொல்லும் ஆள் தலைப்பு வீடுகளின் வழியாகவே சைக்கிளில் போனாலும் அங்கே இறங்க மாட்டாராம். நேராகக் கடைமடைக்கு வந்து சொல்லிவிட்டு, திரும்பும் வழியில்தான் மற்ற வீடுகளுக்குச் சொல்லிக்கொண்டே போவாராம். மேலே இருப்பவர்கள் மடை திறப்பதற்குள் கீழே பாய்ந்துவிடும். சமிதி எனக்குக் கொடுத்த வரிசை எங்கள் வீட்டிலிருந்து தொடங்கியதும் அதனால்தான். இலவசமாக எழுதிக் கொடுக்கிறவன் என்ற மரியாதைக்கு எங்களை முதலில் போட்டிருக்கிறார்கள் என்றே நான் நினைத்திருந்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் காசுகூட வாங்காமல் வைத்திருக்கிறேன்.

சமிதிக் கூட்டத்தில், பழையபடி மாற்றிவிடலாம் என்றேன். தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"எல்லார்த்துக்கும் ஒரே நேரத்துல சொல்றதுதானுங்க நாயம். உங்க வயலுக்கோசரம் மாத்தறீங்கன்னு நாளைக்கு ஊரே பேசுமுங்க."

எங்கள் வயல் என்பதும் உண்மைதானே. பின்வரிசையிலிருந்து அண்ணி எழுந்தார்.

"சேதி ஒரே நேரத்துல வருதுங்க. தண்ணி ஒரே நேரத்துல வருதுங்களா?"

எங்களுக்கு மேல்மடைக்காரர், தன் வயலும் பாதிதான் நனைந்தது என்று மெதுவாகச் சொன்னார். அவரைத் தொடர்ந்து இன்னும் சிலர் பேசினார்கள். தலைவர் மனசில்லாமல் தலையாட்டினார்.

அன்றே மாற்றினேன். புதுப் பதிப்பு அப்படியே இருக்கிறது. நிரல் வேகமாக ஓடி, ஒவ்வொருவரும் போனை வைக்கும்வரை நின்று, பிறகு அடுத்தவரிடம் போகிறது. அடுத்த முறைக்கு எங்கள் வயல் நிறையப் பாய்ந்தது. ஆனால் அதற்குள் வெளியே வந்துவிட்ட கதிர்கள் பால் பிடிக்கவில்லை. அறுத்துப் போட்டபோது பாதிக்கு மேல் பதர்.

அண்ணி களத்தில் தூற்றிக்கொண்டிருந்தார். நெல்லாக விழுந்ததைவிடக் காற்றில் போனதே அதிகம். பார்க்கப் பொறுக்கவில்லை. அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை என்று தெரிந்ததும் வயலிலிருந்தே எனக்கு ஒரு போன் செய்திருக்கலாமே, பாதி நாளிலாவது தலைவரிடம் சொல்லி மேல்மடைகளை அடைத்திருக்கலாமே என்று கேட்டேன். கேள்வியில் கோபமும் இருந்தது.

அண்ணி முறத்தை இறக்கவில்லை.

"மடைகிட்டயேதான் நின்னேனுங்க தம்பி, பொழுது எறங்கற வரைக்கும். போன்ல தண்ணி வந்தாச்சுன்னு சொன்னது நீங்களாச்சே, வந்துரும்னுதான் நின்னேன்."