கோடியக்கரைக்குப் போன நீலாவதி

ஜமுனாமரத்தூருக்குச் சற்றுத் தள்ளி, சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் பதினான்கு வருடமாகச் சமைப்பவள் நீலாவதி. பெரிய ஊர்களிலிருந்து வருகிறவர்கள் அவள் ஆக்கிய சாமைச் சோற்றையும் நாட்டுக்கோழிக் குழம்பையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, “இந்த மலையில இருக்க நீங்க குடுத்து வச்சவங்க” என்பார்கள். சிரித்து வைப்பாள். அவர்கள் எழுந்து போனதும் எச்சில் தட்டுகளை அவள் போடுகிற சத்தத்தில் விடுதிக்காரர் எட்டிப் பார்ப்பார். வீட்டுக்குப் போனால் அங்கே இன்னொரு அடுப்பு.

அவளுக்கும் எங்காவது போய்ச் சும்மா உட்கார வேண்டும் என்றிருந்தது. கடலைப் பார்த்ததில்லை. விடுதிக்கு வந்த ஒரு டீச்சர் கோடியக்கரையைப் பற்றிச் சொல்லியிருந்தார். காடு, பறவைகள், அதற்கப்புறம் கடல்; கூட்டமே இருக்காதாம். புருஷன் காசியும் அவன் தம்பியும் வேன் எடுத்துக் குடும்பத்தோடு கடலுக்குப் போகலாம் என்று பேச்செடுத்தபோது, அந்தப் பெயரைச் சொன்னாள்.

“அங்க இன்னா இருக்குது?” என்றான் காசி.

“ஒண்ணுமில்லையாம். அதான் போலாங்கறேன்.”

அண்ணனும் தம்பியும் சிரித்தார்கள். மாமல்லபுரம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். சமையல் கிடையாது, மூன்று வேளையும் ஓட்டல்தான் என்று காசி சொன்னதால் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

தம்பி மனைவி கலைவாணியையும் சேர்த்துப் பதினோரு பேர் கிளம்பினார்கள். ஜமுனாமரத்தூரில் டீசல் போட நின்றபோது, தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுக்க வேனின் பின்பக்கம் போனாள். தார்ப்பாய்க்கு அடியில் கேஸ் அடுப்பு, பிரியாணி அண்டா, அரிசி மூட்டை, கால் கட்டிய இரண்டு கோழிகள்.

“இது இன்னாத்துக்கு?”

காசி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “பதினோரு பேருக்கு ஓட்டல்ல கட்டுப்படியாவுமா? நீயும் கலைவாணியும் பொங்கிட்டா ஆச்சு.”

அவளுக்குக் காதுமடல் வரை கொதித்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவனை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

“நீயே பொங்கித் துன்னு” என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். கலைவாணி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பின்னால் ஓடிவந்தாள். “அக்கா, நானும் வர்றேன்.”

போளூர், திருவண்ணாமலை, நாகப்பட்டினம் என்று பஸ் மாறி மாறிப் போனார்கள். வழியெல்லாம் போன் அடித்தது. ஒருமுறை எடுத்தாள். காசி கத்தினான், பிறகு கெஞ்சினான், கடைசியில் கோழியை யார் சுத்தம் செய்வது என்று கேட்டான். போனை அணைத்துப் பையில் போட்டாள்.

மறுநாள் கோடியக்கரையில் கடல் அவள் நினைத்த மாதிரி இல்லை. கலங்கலாக, அலையில்லாமல் கிடந்தது. இதற்கா இவ்வளவு தூரம் என்று கலைவாணி முணுமுணுத்தாள். நீலாவதிக்குக் கடல்மேலும் கோபம் வந்தது. ஆனாலும் சாயங்காலம் வரை இடத்தை விட்டு அசையவில்லை. மெஸ்ஸில் ஒரு அம்மாள் மீன்குழம்பை ஊற்றிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டார். நீலாவதிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கரண்டி சோற்றுக்குப் போய் இப்படியா என்று தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

மூன்று நாள் கழித்துத் திரும்பினார்கள். காசி ஒரு வாரம் பேசவில்லை. அவளும் பேசவில்லை. விடுதிக்காரரிடம் மட்டும் பேசினாள்: இனி செவ்வாய்க்கிழமைகளில் வேலைக்கு வரமாட்டாள். திடீரென்று கூட்டம் வந்தால் என்ன செய்வது என்று அவர் இழுத்தார்.

“வர்ற செவ்வாக்கிழமையிலருந்துங்க” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.