ஐந்து கட்டை கேட்டாள்

சூசை மாஸ்டர் போய்விட்டார். நேற்று மதியம் சாப்பிட்டுக் கை கழுவி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்... அவ்வளவுதான்.

காலையிலிருந்து முகநூலில் காரைக்கால் குரூப் முழுக்க அவர் போட்டோ. 'இசை மேதை', 'குழந்தை மனசு'. நானும் ஒன்று எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக... எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வாசகசாலை முற்றத்தில் மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் மேடை போடுவார்கள். யார் வேண்டுமானாலும் மைக் பிடிக்கலாம். ஆளுக்கு ஒரு பாட்டு.

எல்லோருக்கும் ஆர்மோனியம் மாஸ்டர்தான். ஒரு பாட்டு முடிந்ததும் பாடியவரைப் பற்றி ஒரு வரி சொல்வார். கூட்டம் வந்தது அந்த ஒரு வரிக்காகத்தான்.

பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் மெடல் குத்திக்கொண்டு வந்து பிரெஞ்சு அணிவகுப்புப் பாட்டு பாடினார். மாஸ்டர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். பெரியவரும் விடாமல் துரத்தினார், மூச்சு வாங்க, முகம் சிவக்க.

"முசே, சண்டை முடிஞ்சு வெகு நாளாச்சு. உட்காருங்க" என்றார் மாஸ்டர், பிரெஞ்சு மரியாதை குறையாமல்.

முற்றமே விசில் அடித்தது. பெரியவர் சல்யூட் வைத்துவிட்டு இறங்கினார். அப்புறம் அவர் வரவே இல்லை.

அடுத்து பேங்க் கிளார்க் ஒருவர், காதல் பாட்டு. "பாட்டுக்குப் பெரிய அடி ஒண்ணும் இல்லீங்க. நீங்க நல்லா இருக்கீங்களா சார்?" என்றார் மாஸ்டர், விபத்தில் விழுந்தவரை விசாரிப்பது போல.

அக்காவும் நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

ரெஜினா அக்கா, என் கூடப் பிறந்தவள். ஒரு கான்வென்டில் பாட்டு டீச்சர் ரிட்டையர் ஆகப்போகிறார், வருஷக் கடைசி மேடைக்கு சிஸ்டர்கள் வந்து ஆள் பார்ப்பார்கள் என்று பேச்சு. அந்த வேலை ஒன்றைத்தான் அவள் விரும்பினாள். அதற்காகவே மாதாமாதம் பாடிப் பழக வந்தாள்.

முதல் மாதம் நன்றாகப் பாடினாள். நல்ல கைதட்டல். இறங்கும்போது மாஸ்டரிடம் குனிந்து, வெகுளியாக, "மாஸ்டர், சரணத்துல ஒரு சுரம் மாத்தி வாசிச்சிட்டீங்க" என்றாள். மைக் அணைக்கப்படவில்லை.

"மாஸ்டருக்கே பாடமா!" என்று பின்னால் யாரோ கத்த, கூட்டம் முதல் தடவையாக அவரைப் பார்த்துச் சிரித்தது.

அவரும் சிரித்தார், எல்லோரையும்விட சத்தமாக. "பாப்பாவுக்கு நல்ல காது."

அவருடைய ஆர்மோனியம் ஸ்கேல் சேஞ்சர். கட்டைப் பலகையை ஒரு தள்ளு தள்ளினால் போதும், விரல் போகும் இடம் மாறாது, சுருதி மட்டும் ஏறிவிடும். அக்காவுக்கு ஐந்து கட்டை சுருதிதான் சுகம். அதற்கு மேல் வைத்தால் பல்லவி தப்பித்துவிடும், சரணத்தின் உச்சியில் குரல் கிழியும்.

அடுத்த மாதம் கிழிந்தது. அதற்கடுத்த மாதமும்.

"உனக்குத் தொண்டை மெலிஞ்சிட்டு வருது பாப்பா" என்றார் மாஸ்டர், அவ்வளவு அக்கறையாக. அக்கா தயிரை விட்டாள். ஐஸை விட்டாள். மாம்பழ சீசனில் மாம்பழத்தைத் தொடவில்லை. மிளகுக் கஷாயம் மாஸ்டர் வீட்டிலிருந்தே பாட்டிலில் வரும்.

நான் எப்போதும் மேடை ஓரத்தில், அவருக்குப் பின்னால் உட்காருவேன். ஆர்மோனியத்தின் மேல் போட்ட துணிக்கு அடியில் கை போவதைப் பார்த்தேன்.

"அக்கா, அவரு பலகையைத் தள்றாருக்கா. நான் பார்த்தேன்."

"வாயைக் கழுவுடி. கஷாயம் வெச்சுக் குடுக்குற மனுஷரை..."

டிசம்பரில் சிஸ்டர்கள் வந்தார்கள். முன்வரிசை. அக்கா வெளிர்நீலப் புடவை கட்டியிருந்தாள்.

"அஞ்சு கட்டை, மாஸ்டர்."

"அஞ்சேதான் பாப்பா. தைரியமா பாடு."

துணிக்கு அடியில் கை போனது. நான் எழுந்து, "அது அஞ்சு இல்ல!" என்று கத்தினேன்.

"தங்கச்சிக்கும் காதா?" என்றார். சிரிப்பு. அக்கா என்னை முறைத்தாள்.

பல்லவி வந்தது. சரணத்தில் கிழிந்தது. இருமிவிட்டு அதே வரியை மறுபடி எடுத்தாள். மறுபடியும் கிழிந்தது. மாஸ்டர் துருத்தியை நிறுத்தினார்.

"பயப்படாதீங்க சிஸ்டர். உயிரு இருக்கு."

சிஸ்டர்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுக்குங்க மாஸ்டர். உங்க வாசிப்பைக் கெடுத்துட்டேன்." ஆர்மோனியத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வேலை நாகப்பட்டினத்துப் பெண் ஒருத்திக்குப் போனது. அக்கா கல்யாணமாகி பிரான்ஸ் போனாள். அங்கே மாதா கோயிலில் எல்லோரும் பாடும்போதுகூட உதட்டை மட்டும்தான் அசைப்பாள்.

நேற்று ராத்திரி போனில் அழுதாள். "எவ்வளவு நல்ல மனுஷர்டி. என் தொண்டைக்குத்தான் குடுத்து வைக்கல... என் பேர்ல ஒரு மாலை போட்டுடு."

'ம்' என்றேன். அவள் முகநூலில் இல்லை. இதை யாரும் அவளிடம் சொல்ல வேண்டாம்.

இன்று போனேன். மாஸ்டர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெஜினா அக்கா வரலீங்களா? கடைசி வரைக்கும் அப்பா அவங்களைத்தாங்க சொல்லிக்கிட்டு இருந்தாங்க. இந்த ஊர்ல நான் கேட்ட ஒரே குரல் அந்தப் பொண்ணோடதுதான்னு..."

அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மாலையைப் போட்டேன். அது அக்கா பெயரில். என் பெயரில் எதுவும் கொண்டுபோகவில்லை.

போங்கள், மாஸ்டர்.